மலைநகரத்தைக் கல்லச்சில் இறக்குதல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

லித்தோகிராஃப் எனப்படும் கல்லச்சில், நகரக் காட்சி ஒன்றை நவீன பாணியில் அருவமாக, அதாவது உள்ளதை உள்ளபடி வரையாமல் சில வடிவங்களாகச் சுருக்கி, அச்சிட விரும்பும் இலங்கை மலையக இளைஞர்கள் முதலில் கேட்பது, கல் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். கல் இல்லாமலும் தொடங்கலாம். அதற்கான வழியைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அவர்கள் இடறுவது வேறோர் இடத்தில். கண்டியையோ அட்டனையோ கண்ணில் பட்டபடி தகட்டில் வரைந்து முடித்த பிறகே, இதில் எதை நீக்கினால் அருவமாகும் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கல்லச்சில் அந்த யோசனைக்கு அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஒரு முறை தகட்டில் பட்ட கோடு, துடைத்துக் கண்ணுக்குத் தெரியாமற் போனாலும், அச்சில் மீண்டும் தலைகாட்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் எதை விடுவது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மையும் உருளையும் பின்னால் வருகின்றன.

எண்ணெயும் நீரும்

1796 ஆம் ஆண்டளவில், பவேரியாவில் வாழ்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தம்முடைய நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தபோது இந்த முறையைக் கண்டுபிடித்தார். மரச்செதுக்கில் மேடு அச்சாகிறது. செப்புத்தகட்டில் பள்ளம் அச்சாகிறது. கல்லச்சிலோ மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் வெட்டியெடுக்கப்படும் நுண்துளைச் சுண்ணக்கல்லைச் சமதளமாக அரைத்து, அதன்மேல் கொழுப்புள்ள கட்டியால் வரைவார்கள். பின்னர் சிறிது நைத்திரிக் அமிலம் கலந்த வேலம் பிசினைப் பூசுவார்கள். கொழுப்புப் பட்ட இடம் கல்லோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு படலமாகிவிடும். படாத இடம் பிசினை ஏற்று நீரை விரும்பும் இடமாகிவிடும். கல்லை நனைத்து எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டினால், மை கோட்டில் மட்டும் ஏறும். எண்ணெய் பூசிய ஆறிய தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாக ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அழிப்பான் ஏன் பயன்படாது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். நீங்கள் வரைந்த கருமை வெறும் அடையாளம். அச்சிடுவது அதன் கீழே கல்லோடு சேர்ந்துவிட்ட கொழுப்பு. கல்லில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கல்லுக்குப் பதிலாக நாம் பயன்படுத்தப்போகும் அலுமினியத் தாளில் சுரண்டினால் தாள் கிழியும்.

இது நமக்கு அந்நியமான கலை என்று எண்ண வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளின் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களின் மரபு, ராஜா ரவிவர்மா 1894 இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகத்திற்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சிட்டார்கள். இன்றைய செய்தித்தாளை அச்சிடும் ஆஃப்செட் இயந்திரமும் இதே எண்ணெய், நீர்ப் பகையை நம்பித்தான் ஓடுகிறது.

நிற்குமிடமும் மூன்று தாள்களும்

ஒரே இடத்தில் நின்று வரையுங்கள். கண்டியானால், ஏரிக்கு மேலே ராஜபிஹில்ல வீதியிலுள்ள ஆர்தர் சீட் எனப்படும் பார்வைத்தளம் தொடக்கத்திற்கு ஏற்றது. ஏரி, தலதா மாளிகை, நெருங்கி நிற்கும் கடைத் தெருக்கள், எதிர் மலையில் பஹிரவகந்தையின் வெண்ணிறப் புத்தர் சிலை ஆகியன ஒரே பார்வையில் அடங்கும். அட்டனில் உள்ளவர்கள் நகரத்தைச் சற்று மேலிருந்து பார்க்கும் எந்தப் பாதையோரத்தையும் தெரிவு செய்யலாம். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் நேரத்தைத் தவிர்த்து, காலை ஏழு மணிக்கு முன் சென்றுவிடுங்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் தாளில் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வரையுங்கள். மின்கம்பி, விளம்பரப் பலகை, தண்ணீர்த் தாங்கி எதையும் விட வேண்டாம். இந்தத் தாள் யாருக்கும் காட்டுவதற்கன்று. உங்கள் கை அந்த ஊரை ஒரு முறை தொட்டிருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே.

இரண்டாம் தாளில் கோடே கூடாது. வெள்ளை, சாம்பல், கருமை என்ற மூன்று நிறையை, அதாவது கருமையின் மூன்று அளவுகளை, மட்டும் வைத்துக்கொண்டு, காட்சியை நான்கைந்து பெரிய பரப்புகளாகப் பிரியுங்கள். சமவெளி நகரத்தில் வானம் மேலே, நிலம் கீழே, இடையில் கட்டடம் என்று பரப்புகள் அடுக்காக விழும். மலைநகரத்தில் அப்படி விழாது. ஒரு கடையின் கூரை அடுத்த தெருவின் கால்மட்டத்தில் இருக்கும். வீதியிலிருந்து நுழையும் தளம் பின்புறத்திலிருந்து பார்த்தால் மூன்றாம் மாடியாக இருக்கும். அடிவானம் எங்கே என்று கேட்டால் மலைதான் பதில். சித்திரப் பாடத்தில் கற்ற, கோடுகளெல்லாம் தொலைவில் ஒரே புள்ளியில் கூடும் ஒருபுள்ளித் தூரநோக்கை இங்கே பிடிவாதமாகப் பொருத்த முயன்றால் படம் பொய்யாகிவிடும். தூரத்தை ஆழமாகக் காட்டாமல் உயரமாக அடுக்குங்கள்: அருகிலுள்ளது கீழே, தொலைவிலுள்ளது மேலே, ஒன்றன் தலையில் ஒன்று. நவீன ஓவியர்கள் தட்டையான பரப்பைத் தேடி அடைந்த தீர்வை நமது நிலம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு.

மூன்றாம் தாளில் கோடுகள் வரலாம், ஆனால் மூன்று திசைகளில் மட்டும். திசைகளை ஊரே சொல்லும். தகரக் கூரைகளின் சரிவு ஒன்று. கட்டடங்களின் நிமிர்வு ஒன்று. மலைச்சரிவைச் சுற்றி ஓடும் தேயிலை வரிசைகளின் வளைவோ, வீதியின் வளைவோ மற்றொன்று. இந்த மூன்றிற்குள் அடங்காத எதையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஊருக்கே உரிய ஒரு சின்ன உருவத்தை மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கலாம். கண்டிக்கு நான் தெரிவு செய்தது, ஏரிக்கரையில் ஓடும் முகில் மதில். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் தொடங்கி அமைத்த ஏரியின் கரையிலே, மேல்விளிம்பு அலை அலையாக வளைந்து செல்லும் வெள்ளை மதில் அது. அதன் உடலில் விளக்கு வைப்பதற்கான முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. அருகில் சென்று பார்த்தால் முகிலை யாரோ ஏற்கெனவே அரைவட்டமாகவும் விளக்கை முக்கோணமாகவும் சுருக்கி வைத்திருப்பது தெரியும். அலை, முக்கோணம், அலை, முக்கோணம் என்ற அந்தத் தாளத்தை ஏரிக்கும் நகருக்கும் இடையே ஒரே ஒரு வரியாக வைத்தேன். இது எந்த ஊர் என்று படத்தைப் பார்த்த எவரும் கேட்கவில்லை.

இப்போது காலை ஏழு மணிக்கு வருவோம். மூடுபனி இறங்கும்போது அது எந்த வரிசையில் ஊரை அழிக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் தொலைமலை போகும், அடுத்துச் சுவர்களின் நிறம், பிறகு ஜன்னல்கள், கூரை விளிம்புகள் கடைசி வரை நிற்கும். உங்கள் மூன்றாம் தாளில் எதை முதலில் விடுவது என்று தெரியாவிட்டால், பனி விட்ட வரிசையிலேயே விடுங்கள். அச்சில் பனியைத் தீட்ட முயல வேண்டாம். கல்லச்சில் வெள்ளை என்பது மை ஏறாத தாள். பனி இருக்கும் இடத்தில் கை வைக்காமல் இருப்பதே பனியை வரையும் முறை. படத்தின் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும் என்பது என் அனுபவம். விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யாரைப் பார்த்துக் கற்பது

அதிகம் பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; இருவர் போதும். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லூயி லோசோவிக் 1925 ஆம் ஆண்டளவில் செய்த ‘நியூயார்க்’ என்ற கல்லச்சைப் பாருங்கள்: கட்டடங்கள் கருமையும் வெண்மையுமான வடிவகணிதத் துண்டுகளாகிவிட்டன, மனிதர் எவருமில்லை, ஆனாலும் நகரம் மூச்சு விடுகிறது. அடுத்து அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் 1931 இல் செய்த, மேம்பாலத் தொடருந்துப் பாதையைக் குறிக்கும் ‘சிக்ஸ்த் அவெனியூ எல்’. அதில் பொருட்களின் உண்மையான அளவும் தூரமும் முக்கியத்துவம் இழந்து, தெருவில் நடந்தவனின் நினைவில் தங்கியவை மட்டும் ஒரே பரப்பில் ஒட்டப்பட்டவை போல நிற்கின்றன. முன்னவர் கட்டடத்தைச் சுருக்குகிறார். பின்னவர் நடையைச் சுருக்குகிறார். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். நம்மவர்களில், 1901 இல் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் உண்டு. 1943 இல் கொழும்பில் உருவான, நவீன ஓவியர்களின் 43 குழுவைச் சேர்ந்தவர். அவர் வரைந்தவற்றில் பெரும்பாலானவை மனித உருவங்கள். இருந்தாலும், பொருளைத் துண்டு வடிவங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசம் என்ற பாணியின் உடைந்த பரப்பைக் கீழைத்தேயத்தின் வளைகோட்டால் இணைக்கலாம் என்பதை அவரிடம் கற்கலாம்.

தேவையான பொருட்கள்

உண்மையான கல் கனமானது, அரிதானது. அதற்கென அழுத்தப்பொறியும் அமிலத்தைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். வீட்டில் நைத்திரிக் அமிலம் வைத்திருக்க வேண்டாம். புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, உலகெங்கும் பலர் கையாளும் சமையலறை முறை. கல்லின் வேலையை உணவு சுற்றும் அலுமினியத் தாளும், அமிலத்தின் வேலையைக் கோலா பானமும் செய்கின்றன. பானத்திலுள்ள பொஸ்போரிக் அமிலமே இங்கே செயற்படுவது. போத்தலின் லேபிளில் அந்தப் பெயரோ 338 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எலுமிச்சைச் சுவையுள்ள வெள்ளைச் சோடாவை வாங்கி வந்து ஏமாந்தவர்கள் உண்டு.

தாளைச் சுற்றுவதற்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டோ கண்ணாடித் துண்டோ வேண்டும். கண்ணாடியானால் விளிம்பை நாடாவால் மூடுங்கள். வரைவதற்கு, கல்லச்சுக்கென்றே செய்யப்படும் கொழுப்புக் கட்டியான லித்தோ கிரேயன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எண்ணெய் பாஸ்டலும் கூராகச் சீவிய துணிச் சோப்புக் கட்டியும் வேலை செய்யும். மை, கறுப்பு நிற எண்ணெய் மையாக இருக்க வேண்டும். நகரத்து அச்சகம் எதிலாவது மரியாதையாகக் கேட்டால், ஆஃப்செட் கறுப்பு மையில் இரண்டு கரண்டி பொலித்தீனில் வைத்துத் தருவார்கள். அதுவே பல வாரங்களுக்குப் போதும். இவற்றுடன் ரப்பர் உருளை ஒன்று, இரண்டு ஸ்பஞ்சுகள், தாவர எண்ணெய், மெல்லிய துணி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் தேய்த்து எடுக்கும்போது தடித்த தாளைவிட மெல்லிய, உறுதியான தாளே மையை நன்றாக வாங்கும். தேய்ப்பதற்கு மரக்கரண்டியின் முதுகு போதும்.

வரைதல்

தட்டின் மேல் அலுமினியத் தாளை மங்கலான பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள்; இதுவே உங்கள் தகடு. இதிலிருந்து அச்சு முடியும் வரை தாளின் முகத்தில் விரல் படக்கூடாது. என் முதல் அச்சில், ஏரிக்கு மேலே இருக்க வேண்டிய வெறும் வானத்தின் நடுவில், என் பெருவிரலின் ரேகை ஒவ்வொரு சுழியும் எண்ணத்தக்க தெளிவுடன் கறுப்பாக விழுந்திருந்தது. காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கை. அன்றிலிருந்து கையைச் சோப்பால் கழுவிய பின்னரே தாளை எடுக்கிறேன்; வரையும்போது மணிக்கட்டின் கீழே ஒரு சுத்தமான கடதாசி இருக்கும்.

அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை எல்லோரும் அறிவார்கள், எல்லோரும் மறப்பார்கள். மூன்றாம் தாளை ஊடுதெரியும் தாளில் பிரதி எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் மீது காபன் தாளை வைத்து மாற்ற வேண்டாம். அதில் உள்ள மெழுகு அச்சாகும். ஊடுதெரியும் தாளின் அடிப்புறத்தில் காவிப்பொடியை இலேசாகத் தேய்த்து மேலிருந்து மென்மையாகக் கோடிட்டால், தகட்டில் சிவப்புத் தடம் விழும்; அதில் கொழுப்பு இல்லாததால் நீரோடு போய்விடும். அழுத்தினால் அலுமினியத்தில் பள்ளம் விழும், பள்ளத்தில் மை தங்கும்.

வரையும் போது பெரிய கரும்பரப்புகளில் தொடங்குங்கள். கல்லில் பொடிப்பொடியான மேற்பரப்பு இருப்பதால் கிரேயனை இலேசாக ஓட்டினாலே சாம்பல் நிறம் வரும். அலுமினியத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. சாம்பலைக் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் உண்டாக்க வேண்டும். மலைநகரத்துத் தகரக் கூரைகள் இதற்கு உதவும்: அலைத்தகரத்தின் வரிகளைப் போலக் கூரைச்சரிவிலேயே இணைகோடுகளை ஓட்டினால், நிறையும் பொருளும் ஒரே வேலையில் முடிகின்றன. எல்லாக் கூரைக்கும் அப்படிச் செய்யாதீர்கள்; மூன்றில் ஒன்றைக் கறுப்பாகவும் ஒன்றை வெறுமையாகவும் விட்டால்தான் வரிகள் தெரியும்.

அச்சிடுதல்

தகட்டைத் தொட்டியின் மேல் சாய்த்துப் பிடித்து, கோலாவை மேலிருந்து ஒரே சீராக, முகம் முழுவதும் நனையும்படி ஊற்றுங்கள். தயங்கித் தயங்கி ஊற்றினால் வழிந்த தடம் அச்சில் தெரியும். உடனே குளிர்ந்த நீரால் கழுவி, துணியில் சிறிது எண்ணெய் தொட்டு, வரைந்ததை முழுவதும் துடைத்தெடுங்கள். புதியவர்கள் பயப்படும் கட்டம் இதுதான்: இரண்டு நாள் பாடுபட்டு வரைந்த ஊர் ஒரு நிமிடத்தில் காணாமற்போய், மிக மங்கலான நிழல் ஒன்று மிஞ்சும். பயப்பட ஒன்றுமில்லை, கொழுப்பு அங்கேயே இருக்கிறது.

ஈர ஸ்பஞ்சால் தகட்டைத் துடையுங்கள்; நீர் மெல்லிய படலமாக நிற்க வேண்டும், குளமாக நிற்கக்கூடாது. வழுவழுப்பான பலகையில் மையை மெல்லியதாகப் பரப்பி, உருளையில் எடுத்து, தகட்டின் மேல் விரைவாக ஓட்டுங்கள். மீண்டும் நீர், மீண்டும் மை என்று நான்கைந்து முறை மாறி மாறிச் செய்யும்போது, முதலில் கரும்பரப்புகளும் பின்னர் கோடுகளும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பனி விலகும்போது ஊர் தெரிவதைப் போலவே இருக்கும் என்று எழுதத் தோன்றுகிறது; ஆனால் அந்த நேரத்தில் ஈரம் காய்ந்துவிடாமல் பார்ப்பதிலேயே உங்கள் கவனம் முழுவதும் போய்விடும். மை ஏறியதும், மிக இலேசாக ஈரப்படுத்திய தாளை ஒரே முறையில் கீழே விட்டு, அசையாமல் பிடித்துக்கொண்டு, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, போதாவிட்டால் மீண்டும் தேய்க்கலாம்.

வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படர்ந்தால் தகடு காய்ந்துவிட்டது என்று பொருள். நீர் தடவி, மையில்லாத உருளையைச் சட்டென்று ஓட்டினால் பெரும்பாலும் எடுபட்டுவிடும். துடைக்கும் நீரில் சிறிது வேலம் பிசின் கரைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும். கோடுகள் வெளிறினால் நீர் அதிகம். ஒரு பகுதி வரவே இல்லையென்றால் அங்கே வரையும்போதே கொழுப்பு குறைவாக இருந்திருக்கிறது. அதை இப்போது சரிசெய்ய முடியாது, புதுத் தாளில் மீண்டும் வரையுங்கள்.

வண்ணத்தை முதல் முயற்சியில் தொட வேண்டாம். துருப்பிடித்த கூரையின் சிவப்பு வேண்டுமென்ற ஆசை தாங்காவிட்டால், அந்தப் பரப்பின் வடிவில் மெல்லிய செந்நிறத் தாளை வெட்டி, அதன் பின்புறம் பசை தடவி, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மையேறிய தகட்டின்மேல் வைத்து, அதன்மேல் அச்சுத் தாளைப் போட்டு ஒரே அழுத்தத்தில் ஒட்டிவிடலாம்.

உலர்த்தலும் கையொப்பமும்

அலுமினியத் தாள் ஒன்றிலிருந்து பத்துக்குள் படிகளையே எதிர்பாருங்கள்; கல் நூற்றுக்கணக்கில் தரும். அட்டன், நுவரெலியாப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதில்லை. சமவெளியில் ஒரு நாளில் உலரும் மை இங்கே நான்கைந்து நாள் கையில் ஒட்டும். அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் கவ்விகளால் தொங்கவிடுங்கள், ஆனால் அடுப்படியில் வேண்டாம். விறகுப் புகை வெள்ளைத் தாளை ஒரே வாரத்தில் மஞ்சளாக்கிவிடும். நன்றாக உலராத தாளைப் பொலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உலர்ந்த பின், படத்தின் கீழ் வெற்றிடத்தில் பென்சிலால் இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையொப்பமும் ஆண்டும் எழுதுவது வழக்கம். எட்டுப் படிகளில் மூன்றாவதானால் 3/8. எண்ணில் சேராமல் உங்களுக்கென வைத்துக்கொள்ளும் படியில் ‘கலைஞர் படி’ என்று எழுதுங்கள். பேனாவைத் தவிர்க்க வேண்டும். மை பரவும், சில ஆண்டுகளில் மங்கும். யாராவது இது கணினியில் அச்சிட்டதா என்று கேட்டால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுங்கள்: பத்திரிகைப் படத்தில் ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரியும், உங்களுடையதில் சோப்புக் கட்டி சறுக்கிய இடம்கூடத் தெரியும்.

எட்டாவது படியை எடுத்து முடித்ததும் அலுமினியத் தாளைத் தட்டிலிருந்து உரித்துக் கசக்கிவிடுங்கள். எண்ணிட்ட பிறகு ஒன்பதாவது இருக்கக்கூடாது. தட்டைச் சோப்பால் கழுவித் துடைத்து வைத்தால், அடுத்த ஊருக்கான தாளை அதிலேயே சுற்றலாம்.